கால் முந்தியா, தலை முந்தியா?

அந்தப் படத்தை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. இடது ஓரத்தில் குனிந்து போகும் ஒரு குரங்கு, அதுக்கு முன்னால் கொஞ்சம் நிமிர்ந்த இன்னொன்று, அப்புறம் இன்னும் நிமிர்ந்தது, கடைசியில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் மனிதன். டி-ஷர்ட்டில் வரும், மீமில் வரும். சிம்போசியம் போஸ்டர்களில் கடைசி ஆள் லேப்டாப் முன்னால் மறுபடியும் கூன் போட்டு உட்கார்ந்திருப்பார். 1965-ல் அமெரிக்காவின் டைம்-லைஃப் நிறுவனம் வெளியிட்ட 'ஏர்லி மேன்' என்ற புத்தகத்துக்காக ருடால்ஃப் ஸாலிங்கர் என்ற ஓவியர் வரைந்த படம்தான் இதுக்கெல்லாம் மூலம்.

படம் அழகு. ஆனா அதைப் பார்த்து நம்ம மனசில் பதிஞ்ச ரெண்டு விஷயம் தப்பு. ஒன்று, ஒருத்தர் மாறி அடுத்தவர் ஆனார் என்கிற ஒற்றை வரிசை. இன்னொன்று, முதுகு நிமிர நிமிர மூளையும் கூடவே சமமா வளர்ந்துச்சு என்கிற எண்ணம். இந்த ரெண்டாவது தப்பைச் செய்தது நாம மட்டும் இல்லை. உலகத்தின் பெரிய பெரிய விஞ்ஞானிகளே செய்தாங்க, அதனால இருபது வருஷத்துக்கு மேல வீணாச்சு. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரையின் நடுப்பகுதி. அதுக்கு முன்னால் முதல் தப்பைச் சுருக்கமா முடிச்சிடுவோம்.

"குரங்கிலிருந்து மனுஷன் வந்தான்னா, அந்தக் குரங்கெல்லாம் ஏன் இன்னும் மரத்திலேயே இருக்கு?" ஹாஸ்டல் மெஸ்ஸில் பரிணாமம் பற்றிப் பேச்சு எடுத்தா அஞ்சாவது நிமிஷம் இந்தக் கேள்வி வந்துடும். பதில் நம்ம வீட்டிலேயே இருக்கு. உங்க சித்தப்பா பையன் உங்களுக்கு யார்? பங்காளி. நீங்க அவனிலிருந்து பிறக்கல, அவனும் உங்களிலிருந்து பிறக்கல. ரெண்டு பேருக்கும் தாத்தா ஒருத்தர். அதே கணக்குதான் இங்கேயும். சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. ரெண்டு பேருக்கும் பொதுவான தாத்தா ஆப்பிரிக்காவில் சுமார் 60-70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்தது. கொரில்லா அதைவிடக் கொஞ்சம் தூரத்துப் பங்காளி, உராங்குட்டான் இன்னும் தூரம். கோயில் வாசலில் நம்ம கையிலிருந்து தேங்காய் மூடியைப் பிடுங்கிட்டு ஓடுதே, அந்த வால் குரங்கு ரொம்ப ரொம்ப தூரத்துச் சொந்தம். அந்தக் கிளை பிரிஞ்சு இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆச்சு.

சொந்தம்னு சொன்னா ஆதாரம் வேணும் இல்லையா? எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆதாரம் ஒன்று இருக்கு.

மனிதனுக்கு 23 ஜோடி குரோமோசோம். சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் மூன்றுக்கும் 24 ஜோடி. சொந்தக்காரங்கன்னா ஒரு ஜோடி எங்கே போச்சு? ஒரு முழு குரோமோசோம் தொலைஞ்சா உயிர் பிழைக்கவே முடியாது. அப்போ ஒரே வழிதான் இருக்கு: நம்ம பக்கத்தில் ரெண்டு குரோமோசோம் முனையோடு முனை ஒட்டி ஒன்றாகியிருக்கணும். இது ஒரு கணிப்பு. சரியா தப்பான்னு சோதிச்சுப் பார்க்கலாம். ஒவ்வொரு குரோமோசோமின் ரெண்டு முனையிலும் ஷூ லேஸ் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் மாதிரி ஒரு காப்பு உண்டு, பேர் டெலோமியர். அதில் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறு எழுத்து திரும்பத் திரும்ப வரும். ரெண்டு குரோமோசோம் ஒட்டியிருந்தா, முனையில் மட்டுமே இருக்க வேண்டிய இந்த எழுத்துகள் நடுவிலும் இருக்கணும், அதுவும் நேருக்கு நேர் மோதின மாதிரி திசை மாறி இருக்கணும். 1991-ல் நம்ம இரண்டாம் குரோமோசோமின் உள்ளே அப்படியே கண்டுபிடிச்சாங்க. குரோமோசோமுக்கு நடுமுடிச்சு மாதிரி இருக்கும் சென்ட்ரோமியரும் அதில் ரெண்டு இருந்ததுக்குத் தடயம் இருக்கு. ஒன்று வேலை செய்யுது, இன்னொன்று செயலிழந்து கிடக்குது. வெல்டிங் செய்த இடத்தில் தழும்பு தெரியுற மாதிரிதான்.

வாலுக்கும் இதே போல் ஒரு கதை உண்டு. நமக்கும் மற்ற மனிதக்குரங்குகளுக்கும் வால் இல்லாமல் போனதுக்குக் காரணமான ஒரு மரபணு மாற்றத்தை 2024-ல் நியூயார்க் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டாங்க. டிபிஎக்ஸ்டி என்ற மரபணுவுக்குள் ஒரு சின்ன டிஎன்ஏ துண்டு போய்ச் செருகிக்கிட்டது. நமக்கும் சிம்பன்சிக்கும் உராங்குட்டானுக்கும் அது ஒரே இடத்தில்தான் இருக்கு. ஒரே அசைன்மென்ட்டில் ரெண்டு பேர் ஒரே எழுத்துப்பிழையைச் செய்திருந்தா சார் என்ன முடிவுக்கு வருவார்னு உங்களுக்குத் தெரியும்.

சரி, சொந்தம் உறுதி. இப்போ கதைக்கு வருவோம்.

70 லட்சம் ஆண்டு என்பது மனசில் பிடிபடாத எண். அதனால் அதை 70 நிமிஷ கிளாஸா வச்சுக்குவோம் (இப்பவே கொட்டாவி வருது, தெரியும்). ஒரு நிமிஷம் ஒரு லட்சம் ஆண்டு. கிளாஸ் ஆரம்பிக்கும்போது நம்ம வழியும் சிம்பன்சி வழியும் பிரியுது. மணி அடிக்கும்போது நீங்க இதைப் படிக்கிறீங்க. நம்ம இனமான ஹோமோ சேப்பியன்ஸ் வகுப்புக்குள் வருவது 67-வது நிமிஷம். நமக்குத் தெரிந்ததிலேயே மிகப் பழைய ஹோமோ சேப்பியன்ஸ் எலும்புகள் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை, வயது சுமார் 3 லட்சம் ஆண்டு. விவசாயம், ஊர், கோயில், காலேஜ் எல்லாம் கடைசி ஏழு நொடிக்குள் அடங்கிடும்.

கேள்வி இதுதான். நம்மை மற்ற மனிதக்குரங்குகளிடமிருந்து பிரிப்பது ரெண்டு பெரிய விஷயம். ரெண்டு காலில் நடக்கிறோம். பெரிய மூளை வச்சிருக்கோம். இந்த ரெண்டில் எது முதலில் வந்துச்சு?

நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த அறிஞர்களைக் கேட்டிருந்தா, பெரும்பாலானவங்க 'தலைதான்'னு சொல்லியிருப்பாங்க. மூளை பெருத்தது, அறிவு வந்தது, அப்புறம்தான் எழுந்து நின்றான் மனிதன். கேட்க நல்லாத்தான் இருக்கு. நம்மை நாமே அறிவாளின்னு நினைச்சுக்கிற இனம், அறிவிலிருந்துதான் தன் கதை தொடங்கணும்னு எதிர்பார்ப்பதில் ஆச்சரியமில்லை.

அந்த எதிர்பார்ப்புக்கு ஏற்ற மாதிரி 1912-ல் ஒரு 'ஆதாரம்' வந்துச்சு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பில்ட்டவுன் என்ற இடத்தில் சார்லஸ் டாசன் என்ற வழக்கறிஞர் ஒரு மண்டையோட்டையும் தாடையையும் கண்டெடுத்ததாகச் சொன்னார். மண்டை நம்ம மண்டை மாதிரிப் பெரிசு, தாடை மட்டும் குரங்குத் தாடை. பெரிய மூளை முதலில், மற்றதெல்லாம் பிறகு. எதிர்பார்த்தது அப்படியே கிடைச்சாச்சு! போதாக்குறைக்கு அந்த ஆதிமனிதன் ஆங்கிலேயன் வேற. ரெண்டு வருஷம் கழித்து அதே இடத்தில் யானை எலும்பில் செதுக்கிய, அச்சு அசல் கிரிக்கெட் மட்டை வடிவில் ஒரு பொருளும் 'கிடைத்தது'. அப்பவாவது யாராவது சிரிச்சிருக்கணும்.

இப்போ தென்னாப்பிரிக்கா போவோம். வருஷம் 1924. ஜோஹானஸ்பர்க்கில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியர் ரேமண்ட் டார்ட், வயது 31. அவருடைய மாணவி ஜோசஃபின் சால்மன்ஸ், சுண்ணாம்புக்கல் கம்பெனி இயக்குநர் ஒருவர் வீட்டுக்குப் போனபோது அங்கே ஒரு கல்லாகிப் போன குரங்கு மண்டையைப் பார்த்துட்டு வந்து சாரிடம் சொன்னார். டவுங் என்ற ஊரின் குவாரியில் வெட்டும்போது கிடைத்ததாம். இனிமே அந்த மாதிரி கிடைச்சா எனக்கு அனுப்புங்கன்னு டார்ட் ஏற்பாடு செய்தார். மாப்பிள்ளைத் தோழனா ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கிட்டிருந்த நாளில் பெட்டிகள் வந்து இறங்கின. கோட்டு சூட்டோடேயே திறந்து பார்த்தார். ஒரு பெட்டியில், மண்டைக்குள் சுண்ணாம்புச் சேறு புகுந்து இறுகி, மூளையின் மடிப்புகள் உட்பட அச்செடுத்த மாதிரி ஒரு கல். அது பொருந்தும் இன்னொரு பாறைத் துண்டுக்குள் முகம் புதைந்திருந்தது.

சரியான கருவிகள் இல்லை. மனைவியின் பின்னல் ஊசியைத் தீட்டி வச்சுக்கிட்டு, பாறையைத் துணுக்குத் துணுக்காகச் சுரண்டினார். 73-வது நாள், கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னால், பாறை பிளந்து முகம் வெளியே வந்துச்சு. பால் பற்கள் விழாத ஒரு குழந்தையின் முகம்.

மூளை சிறிசு, மனிதக்குரங்கு அளவுதான். கோரைப்பற்களும் சிறிசு. ஆனா டார்ட்டை உலுக்கியது மண்டையின் அடியில் இருந்த ஓட்டை. தண்டுவடம் மூளையோடு சேர அடிமண்டையில் ஒரு துவாரம் உண்டு. நாலு காலில் போகும் விலங்குக்குத் தலை முன்னால் நீட்டிக்கிட்டு இருக்கும், அதனால் துவாரம் பின்பக்கம் இருக்கும். பின்கழுத்தில் கனமான தசை போட்டு இழுத்துப் பிடிச்சாதான் தலை தொங்காமல் நிற்கும். கேண்டிலீவர் பீம் மாதிரி. நமக்கு அப்படியில்லை. தலையில் குடம் வச்சு நடக்கிறவங்களைப் பாருங்க, குடத்தின் பாரம் நேரா உடம்பின் நடுவே இறங்கும். நம்ம தலையும் முதுகெலும்பு மேல் வச்ச குடம்தான், துவாரம் நடுவில் இருக்கு. அந்தக் குழந்தையின் மண்டையிலும் துவாரம் முன்னுக்கு வந்திருந்தது. மூளை குரங்கு அளவு, நடை மனித நடை!

1925 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் டார்ட் அதை வெளியிட்டார். 'ஆஸ்ட்ராலோபித்திகஸ் ஆஃப்ரிகானஸ்', அதாவது ஆப்பிரிக்காவின் தெற்கத்திக் குரங்கு என்று பெயர் வச்சார். லண்டன் பெரியவங்க ஏத்துக்கல. குட்டி மனிதக்குரங்கு, அவ்வளவுதான், வளர்ந்தா கொரில்லா மாதிரி ஆகியிருக்கும்னு தள்ளிட்டாங்க. அதுவும் ஒரு வகையில் நியாயமான சந்தேகம்தான், குட்டிகளின் மண்டையை வச்சு முடிவெடுப்பது கஷ்டம். ஆனா பின்னணியில் பில்ட்டவுன் இருந்தது. அது உண்மைன்னா டவுங் குழந்தை நம்ம வழியில் வர முடியாது. 1931-ல் டார்ட் மண்டையோட்டைத் தூக்கிக்கிட்டு லண்டனுக்கே போனார். பலன் இல்லை. அந்தப் பயணத்தில் அவருடைய மனைவி அதை டாக்சியில் மறந்து விட்டுட்டு, பிறகு போலீஸ் மூலமா திரும்பக் கிடைத்ததாக ஒரு கதை சொல்லுவாங்க.

1947-ல் ராபர்ட் புரூம் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபாண்டைனில் வளர்ந்த ஆஸ்ட்ராலோபித்திகஸின் மண்டையைக் கண்டெடுத்தார். அது கொரில்லா ஆகவில்லை, டார்ட் சொன்ன மாதிரியே இருந்தது. டார்ட்டை எதிர்த்தவர்களில் முக்கியமானவரான சர் ஆர்தர் கீத், அதே வருஷம் 'நேச்சர்' இதழிலேயே தான் தவறு, டார்ட் சரி என்று எழுதினார். எண்பது வயதில் அப்படி எழுத ஒரு மனசு வேணும், அதுக்கு அவரைப் பாராட்டணும். பில்ட்டவுனின் சாயம் 1953-ல் வெளுத்தது. மண்டை சில நூறு ஆண்டு பழைய மனித மண்டை, தாடை உராங்குட்டானுடையது. பல்லை அரத்தால் ராவி, எலும்புக்குச் சாயம் ஏற்றிப் பழசு மாதிரி ஆக்கியிருந்தாங்க. நாற்பது வருஷம் யாரும் பூதக்கண்ணாடி வச்சு அந்த அரம் போட்ட கோடுகளைப் பார்க்கலையா? பார்க்கணும்னு தோணல. எதிர்பார்த்த ரீடிங் வந்துட்டா லேபில் நாம எத்தனை பேர் மறுபடி மீட்டரைச் சரிபார்க்கிறோம்?

மண்டைத் துவாரத்தைத் தாண்டி நேரடியா கால் எலும்பே கிடைத்தா கேள்விக்கே இடமில்லை. அது எத்தியோப்பியாவில் கிடைத்தது. 1973-ல் ஹடார் என்ற வறண்ட பகுதியில் டொனால்ட் ஜோஹான்சன் ஒரு முழங்கால் மூட்டைக் கண்டெடுத்தார். அடுத்த வருஷம், 1974 நவம்பர் 24 அன்று, அதே பகுதியில் ஓர் எலும்புக்கூட்டின் சுமார் 40 சதவீதம். அன்று இரவு முகாமில் பீட்டில்ஸின் 'லூசி' பாட்டு திரும்பத் திரும்ப ஓடியதால் பேர் லூசி ஆச்சு. எத்தியோப்பியர்கள் அவளை டிங்கினேஷ் என்பார்கள், அம்ஹாரிக் மொழியில் 'நீ அற்புதமானவள்' என்று பொருள். வயது சுமார் 32 லட்சம் ஆண்டு, நம்ம கிளாஸில் 38-வது நிமிஷம். உயரம் மூன்றரை அடி. அவளுடைய இனத்துக்கு, அதாவது ஆஸ்ட்ராலோபித்திகஸ் அஃபாரென்சிஸுக்கு, மூளை சிம்பன்சியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு.

அந்த முழங்கால் என்ன சொல்லுது? எழுந்து நின்று உங்க தொடையைப் பாருங்க. இடுப்பில் அகலமா தொடங்கும் ரெண்டு தொடை எலும்பும் முழங்காலை நோக்கி உள்பக்கம் சாய்ந்து வரும். ஏன்? நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் நாம ஒற்றைக்காலில் நிற்கிறோம். அந்தக் கணத்தில் பாதம் உடம்பின் ஈர்ப்பு மையத்துக்கு நேர் கீழே இருக்கணும், இல்லைன்னா பக்கவாட்டில் விழுவோம். தொடை எலும்பு உள்பக்கம் சாய்ந்திருப்பதால் பாதம் நடுவுக்கு வந்துடுது. சிம்பன்சியின் தொடை எலும்பு நேரா இறங்கும். அதனால் அது ரெண்டு காலில் நடந்தா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடி ஆடித்தான் போகும். ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸில் போட்ட ஃப்ரீ பாடி டயகிராம் போதும் இதைப் புரிஞ்சுக்க.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கு, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். இந்தச் சாய்வு பிறக்கும்போது யாருக்கும் இருக்காது. குழந்தை தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய பிறகுதான், பாரம் விழ விழ எலும்பு அந்தக் கோணத்தில் வளருது. நடக்கவே முடியாமல் போன குழந்தைகளுக்கு அது உருவாவதில்லை. ஹடார் முழங்காலில் அந்தக் கோணம் இருக்குன்னா, நடக்கத் தகுந்த உடம்பு இருந்ததுன்னு மட்டும் அர்த்தமில்லை. சின்ன வயசிலிருந்தே அந்த உயிர் நடந்திருக்கு.

இடுப்பெலும்பும் அப்படித்தான். சிம்பன்சிக்கு உயரமா, தட்டையா, முதுகுப் பக்கம் பார்த்து இருக்கும். நமக்கும் லூசிக்கும் குட்டையா, கிண்ணம் மாதிரி பக்கவாட்டில் விரிந்து இருக்கும். ஒரு காலைத் தூக்கும்போது அந்தப் பக்க இடுப்பு சரிந்துவிடாமல் எதிர்ப்பக்கத் தசை இழுத்துப் பிடிக்கணும். அந்தத் தசைக்கு நல்ல நெம்பு தூரம் கிடைக்கத்தான் இந்த வடிவம்.

எலும்பை வச்சு நடையை ஊகிப்பது ஒரு பக்கம். நடையே பதிவாகிக் கிடைத்தால்? தான்சானியாவின் லேட்டோலியில் அதுவும் கிடைச்சது. 1976-ல் மேரி லீக்கியின் முகாமுக்கு வந்திருந்த ஆய்வாளர்கள் ஒரு மாலையில் காய்ந்த யானைச் சாணத்தை ஒருத்தர் மேல் ஒருத்தர் எறிந்து விளையாடிக்கிட்டிருந்தாங்க (முனைவர் பட்டம் வாங்கினவங்கதான்). அதில் தப்பிக்கக் கீழே விழுந்த ஆண்ட்ரூ ஹில், மூக்குக்கு முன்னால் பாறையில் விலங்குகளின் காலடித் தடங்கள் இருப்பதைப் பார்த்தார். தேடிக்கிட்டே போனதில் 1978-ல் மனிதக் காலடிகள் போன்ற தடங்கள் கிடைத்தன. சுமார் 27 மீட்டர் நீளம், எழுபது தடங்கள் வரை.

நடந்தது இதுதான். எரிமலைச் சாம்பல் மெல்லிய படலமா படிஞ்சிருக்கு. அது மேல் லேசா மழை தூறியிருக்கு, துளி விழுந்த குழிகள்கூட இருக்கு. ஈரச் சாம்பல் புதுசா போட்ட சிமென்ட் தரை மாதிரி. அது இறுகுறதுக்குள்ள அதன் மேல் நடந்து போயிருக்காங்க. பிறகு வெயிலில் அந்தச் சாம்பல் கெட்டியாகிடுச்சு, அதன் மேல் அடுத்தடுத்து சாம்பல் விழுந்து மூடிடுச்சு. 36.6 லட்சம் ஆண்டு அப்படியே இருந்தது. புதுசா போட்ட சிமென்ட் தரையில் நாய் நடந்துட்டுப் போன தடம் எந்தத் தெருவிலும் இருக்குமே, அதே சங்கதி. இங்கே மாட்டிக்கிட்டது நம்ம மூதாதைகள். குதிகால் முதலில் பதிந்து, கட்டைவிரலால் உந்தி எழுந்த நடை. கட்டைவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்தே இருக்கு, சிம்பன்சிக்கு இருப்பது போல் கிளையைப் பிடிக்கப் பக்கவாட்டில் விலகியில்லை. பக்கத்தில் பக்கத்தில் ரெண்டு வரிசைத் தடங்கள், ஒன்று சின்னக் கால். இன்னொரு வரிசையில் ஒருத்தர் பதித்த தடத்திலேயே இன்னொருத்தர் கால் வைத்து நடந்திருக்காங்க. சேறான வரப்பில் முன்னால் போறவர் கால் வச்ச இடத்திலேயே நாமும் வைப்போமே, அப்படி.

அந்தச் சமயம் அவங்க மூளை நம்ம மூளையில் மூணில் ஒரு பங்குதான். இதுவரை கிடைத்த கல் கருவிகளில் மிகப் பழையவை கென்யாவின் லொமேக்வியில் கிடைத்தவை, வயது 33 லட்சம் ஆண்டு. அதாவது இந்த நடைக்குப் பிறகு.

சரி, ஏன் எழுந்து நின்றாங்க? பள்ளிக்கூடப் புத்தகப் பதில்: காடு அழிந்து புல்வெளி ஆச்சு, தூரத்தில் வரும் சிங்கத்தைப் பார்க்க நிமிர்ந்தாங்க. இந்தப் பதிலுக்குப் பெரிய அடி கொடுத்தது 'ஆர்டி'. எத்தியோப்பியாவின் அராமிஸில் 1994-ல் டிம் வைட் குழு கண்டெடுத்த 44 லட்சம் ஆண்டு பழைய எலும்புக்கூடு. எலும்புகள் தொட்டாலே பொடியாகும் நிலையில் இருந்ததால் அவற்றை எடுத்து, சேர்த்து, ஆராய்ந்து வெளியிட 2009 ஆகிடுச்சு. ஆர்டியின் இடுப்பின் மேல்பகுதி நடப்பதற்கு ஏற்ற மாதிரி குட்டை. ஆனா கால் கட்டைவிரல் கிளையைப் பிடிக்கிற மாதிரி விலகியே இருக்கு. தரையில் நடந்திருக்கு, மரத்திலும் ஏறியிருக்கு. கூடக் கிடைத்த விலங்கு எலும்புகளில் மரக்கிளைக் குரங்குகள் ஏராளம். ஆக, புல்வெளிக்கு வந்த பிறகு எழுந்து நிற்கல. மரங்கள் இருக்கும்போதே நிற்கத் தொடங்கியாச்சு.

ஆர்டி இன்னொன்றும் சொல்லுது. சிம்பன்சி போல் விரல் முட்டியை ஊன்றி நடந்ததுக்கான அடையாளம் அதன் கையில் இல்லை. அப்படின்னா அந்தப் பொதுத் தாத்தாவும் சிம்பன்சி மாதிரி இருந்திருக்கணும்னு அவசியமில்லை. 70 லட்சம் வருஷத்தில் நாம மட்டுமா மாறினோம்? பங்காளியும் தன் வழியில் மாறியிருக்கான். டி-ஷர்ட் படத்தில் இடது ஓரத்தில் நிற்பவரையே சந்தேகப்பட வேண்டியிருக்கு.

நடையின் லாபம் என்ன என்பதுக்கு நல்ல கணக்கு ஒன்று உண்டு. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து சிம்பன்சிகளை டிரெட்மில்லில் நடக்கப் பழக்கி, அவை இழுக்கும் ஆக்சிஜனை அளந்தாங்க. மனித நடைக்கு ஆகும் ஆற்றல் சிம்பன்சி நடைக்கு ஆவதைவிட சுமார் 75 சதவீதம் குறைவு. மரங்கள் தள்ளித் தள்ளி இருக்கும் இடத்தில், ஒரு பழமரத்திலிருந்து அடுத்ததுக்குப் போக இந்த மைலேஜ் வித்தியாசம் சின்ன விஷயமில்லை. கை வேறு சும்மா கிடைக்குது: உணவைத் தூக்கிக்கிட்டுப் போகலாம், குழந்தையைத் தூக்கலாம். ஓவன் லவ்ஜாய் போன்றவர்கள் உணவு சுமப்பதைத்தான் முக்கியக் காரணமா சொல்றாங்க. உச்சி வெயிலில் நின்றால் உடம்பில் விழும் வெயில் குறைவு என்பது இன்னொரு வாதம். எனக்கு மைலேஜ் கணக்குதான் நம்பும்படியா இருக்கு. ஆனா ஒரே காரணம்தான் இருக்கணும்னு யார் சொன்னது?

மூளை எப்போ பெருத்தது? கிளாஸில் பாதிக்கு மேல் போன பிறகு. சிம்பன்சிக்குச் சுமார் 400 கன சென்டிமீட்டர், லூசி இனத்துக்கு 450 அளவில். 50-வது நிமிஷத்தை ஒட்டி, ஹோமோ ஹாபிலிஸுக்கு 600 சுற்றி. அப்புறம் ஹோமோ எரெக்டஸ். 1984-ல் கென்யாவின் துர்கானா ஏரிக்கரையில் கமோயா கிமேயு கண்டெடுத்த சிறுவனின் எலும்புக்கூடு 15 லட்சம் ஆண்டுக்கு மேல் பழசு. வயசுக்கு நல்ல உயரம், நீளமான கால், மூளை 880. தூரத்திலிருந்து பார்த்தா நம்ம தெருப் பையன். நமக்கு இப்போ சராசரி 1350. எடையில் உடம்பின் 2 சதவீதமே இருக்கும் இந்த உறுப்பு, சும்மா இருக்கும்போதே நம்ம ஆற்றலில் 20 சதவீதத்தைத் தின்னுது. இவ்வளவு கரண்ட் இழுக்கிற பிராசஸரைப் போடணும்னா முதலில் பவர் சப்ளை சரியா இருக்கணும். நடந்து போய் நல்ல உணவு தேடும் கால், கல்லால் எலும்பை உடைத்து மஜ்ஜை எடுக்கும் கை, இதெல்லாம் வந்த பிறகுதான் மூளைக்குச் சோறு கட்டுப்படியாச்சு. மூளை பெருத்தே தீரணும்னும் விதி இல்லை. இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் 2003-ல் கிடைத்த குட்டி மனிதர்கள் மூன்றரை அடி உயரம், 400 சொச்சம் மூளை. கல் கருவிகளோடு 50 ஆயிரம் ஆண்டு முன்பு வரைக்கும் வாழ்ந்திருக்காங்க.

இந்த வரிசைக்கு நாம இன்னிக்கும் பில் கட்டிக்கிட்டிருக்கோம். முதலில் நடக்கிறதுக்காக இடுப்பைக் குறுக்கி வடிவமைச்சாச்சு. முப்பது லட்சம் வருஷம் கழிச்சு அதே இடுப்பு வழியா பெரிய தலையோட குழந்தை வெளியே வரணும். சிம்பன்சிக்குப் பிரசவத்தில் தாராளமா இடம் இருக்கு. மனிதக் குழந்தை திரும்பித் திரும்பித்தான் வெளியே வரணும், பக்கத்தில் உதவிக்கு ஆள் வேணும். நாலு கால் விலங்குக்கு முதுகெலும்பு தொங்கு பாலம் மாதிரி, அதையே செங்குத்தாக்கித் தூணாக்கினா அடித்தட்டுகளில் பாரம் குவியும். இருபது வயசிலேயே முதுகு வலிக்குதுன்னு சொல்றோமே, நாற்காலி மட்டும் குற்றவாளி இல்லை. பழைய கோடைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுத பரிணாமத்துக்கு அனுமதி கிடையாது. ஓடிக்கிட்டிருக்கும் கோட் மேலேயே ஒட்டுப் போடணும்.

இந்தக் கதையில் நம்ம ஊருக்கும் ஒரு பக்கம் உண்டு. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற புவியியலாளர் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே வருஷம் திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திரம்பாக்கமும் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே பல ஆண்டு அகழாய்வு செய்த சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் வெளியிட்ட காலக்கணிப்பு உலகத்தையே திரும்பிப் பார்க்க வச்சது: சுமார் 15 லட்சம் ஆண்டு. கணக்குப் போட்ட விதம் அழகானது. வெயில் படும் கல்லில் காஸ்மிக் கதிர்களால் பெரிலியம்-10, அலுமினியம்-26 என்ற ரெண்டு தனிமங்கள் சேரும். கல் மண்ணுக்குள் புதைந்ததும் சேருவது நின்றுவிடும், சிதைவது மட்டும் நடக்கும். அலுமினியத்தின் அரை ஆயுள் 7 லட்சம் ஆண்டு, பெரிலியத்துக்கு அதைப் போல் ரெண்டு மடங்கு. ரெண்டின் விகிதத்தைப் பார்த்தால் எப்போ புதைந்ததுன்னு தெரிந்துவிடும்.

துர்கானா ஏரிக்கரையில் அந்தச் சிறுவன் திரிந்த அதே சமயத்தை ஒட்டி, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் யாரோ உட்கார்ந்து கல்லை ரெண்டு பக்கமும் செதுக்கிக்கிட்டிருந்திருக்காங்க. ஹோமோ எரெக்டஸா இருக்கலாம்னு கருதுறாங்க. ஆனா அவங்க எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கல, கருவிகள் மட்டும்தான். ஃபுட் சேகரித்த கற்கருவிகளை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிடுச்சு. எழும்பூர் பக்கம் போனா ஒரு மணி நேரம் ஒதுக்கி உள்ளே போய்ப் பாருங்க. அத்திரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் பூண்டியிலும் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கு. கற்கோடரியின் அடிப்பகுதியைக் கவனிங்க, உள்ளங்கையில் அடங்குற மாதிரி உருண்டையா விட்டிருப்பாங்க.